லாரி நெத்தியில மாட்டின லைட் பார்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுறது. நீ அங்க நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, வேலைக்குப் போய் வந்துக்கிட்டிருப்பன்னு நம்புறேன். நாங்களும் இங்க சுகமா இருக்கோம்னு எழுதத்தான் எனக்கும் ஆசை, ஆனா உங்கப்பாவும் நீயும் சேர்ந்து எட்டு மாசமா என்கிட்ட சொன்ன பொய்யே போதும், என் பங்குக்கு ஒண்ணு சேர்க்க வேண்டாம்னு விட்டுட்டேன். என்னடா ஆரம்பமே இப்படி இருக்குன்னு பார்க்காத. போன்ல கூப்பிட்டுத் திட்டணும்னு மூணு தடவை போனை எடுத்தேன். நீ சரிம்மா, சரிம்மா, வேலை இருக்கும்மான்னு வச்சிடுவ. கடிதத்தை அப்படிப் பாதியில வச்சிட முடியாது. அதனால ஒரு இடத்துல உட்கார்ந்து முழுசா படி.

நீ ஆர்டர் போட்டு அனுப்பினியே அந்த எல்இடி லைட் பார், அதுல இருந்தே வர்றேன். பார்சல் என் கடைக்குத்தான் வந்துச்சு. நான் ஒரு பெரிய தார்ப்பாய்க்கு ஓரம் மடிச்சுத் தைச்சுக்கிட்டிருந்தேன், மெஷினை நிறுத்திட்டு எழுந்து போய் வாங்கினேன். அட்டைப்பெட்டி மேல எழுதியிருந்ததைப் படிச்சா அந்த வெளிச்சத்துல விமானமே இறங்கிடும் போல இருந்துச்சு. தண்ணி புகாதாம், தூசி புகாதாம், அம்பதாயிரம் மணி நேரம் எரியுமாம். உள்ள பிரிச்சா ரெண்டு முழ நீளத்துக்கு ஒரு கறுப்புச் சட்டம், அதுல ரெண்டு வரிசையா குட்டிக் குட்டி பல்ப். அதைத் தாங்க வேண்டிய பிராக்கெட் ரெண்டும் பிஸ்கட் டப்பா மூடி கனம்தான், கட்டை விரலால அமுக்கினாலே வளையுது. ஒயர் என் தையல் நூலைவிடக் கொஞ்சம் தடிமன். நல்ல கம்பெனி லைட் விலையில கால்வாசி கூட இல்லன்னு உங்கப்பா பெருமைப்பட்டாரு. ஏன் கால்வாசின்னு கேட்டேன். நம்ம பையன் நூறு பேர் எழுதினதைப் படிச்சுப் பார்த்துத்தான் வாங்கியிருக்கான்னு எனக்கே பாடம் எடுத்தாரு. நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது இல்லடா. முப்பது வருஷமா ரெண்டு ஹெட்லைட்டை வச்சுக்கிட்டு மழையிலயும் பனியிலயும் லாரி ஓட்டின மனுஷனுக்கு இப்ப திடீர்னு எதுக்கு இன்னொரு லைட்? அதை நான் கேக்கல. அந்தக் கோபம் என் மேல எனக்கே இருக்கு, அதை நான் தனியா பார்த்துக்கிறேன். இந்தக் கடிதத்துல உன் பங்கு மட்டும்தான்.

மாட்டினது ஒரு ஞாயித்துக்கிழமை காலையில, என் கடைக்கு முன்னாடி லாரியை நிறுத்தி. ரெண்டு கடை தள்ளி இருக்கிற எலக்ட்ரீஷியன், நாம ஃபியூஸுன்னு கூப்பிடுவோமே அவர்தான், அவரா வந்து பார்த்துட்டு, அண்ணே இந்த ஒயரை நம்பாதீங்க, நாளைக்கு நான் தடி ஒயர் கொண்டு வர்றேன், பேட்டரியில இருந்து நேரா எடுத்து நடுவுல ரிலேன்னு ஒரு சுவிட்ச் போட்டுத் தர்றேன், பிராக்கெட்டையும் பட்டறையில கனமான பட்டையா அடிச்சுக்கலாம்னு பொறுமையா சொன்னாரு. ஒரே ஒரு நாள். உங்கப்பாவுக்குப் பொறுக்கல. நீ அனுப்பின வீடியோவை எனக்குப் போட்டுக் காட்டி, இதுல ஒரு ஆளு பத்து நிமிஷத்துல மாட்டுறான், இதுக்கு எலக்ட்ரீஷியன் வேறயான்னு ஏணியை எடுத்துக்கிட்டு ஏறிட்டாரு. கேபின் நெத்தியில ஓட்டை போட்டு அவர் போல்ட் முடுக்க, நான் இன்னொரு ஏணியில நின்னு சட்டத்தைத் தாங்கிப் பிடிச்சேன், தோள்பட்டை ரெண்டும் விட்டுப் போச்சு. நடுவுல ஒரு நட்டு கை நழுவி விழுந்துச்சு. அவர் இறங்கித் தேடுறாரு, தேடுறாரு, அது அவர் செருப்புக்குப் பக்கத்துலயே வெயில்ல பளபளன்னு கிடக்குது, இவர் குத்த வச்சு உட்கார்ந்து தரையைக் கையால தடவிக்கிட்டிருக்காரு. இந்தா இங்கதானே இருக்குன்னு நான் இறங்கி வந்து எடுத்துக் கொடுத்தேன். அப்புறம் சிவப்பு ஒயரையும் கறுப்பு ஒயரையும் மாத்திக் கொடுத்தாரு, வண்டியோட ஃபியூஸ் எரிஞ்சு போச்சு. மட்டமான சரக்குன்னு லைட்டைத் திட்டினாரு. சரக்கு மட்டம்தான், இல்லங்கல, ஆனா சிவப்பு சிவப்பாத்தான் இருந்துச்சு. மூணாவது தடவை போட்டப்போ எரிஞ்சுச்சு. எதிர்ல இருக்கிற சுவத்துல, நல்ல வெயில்லயே, வெள்ளையா ஒரு பட்டை விழுந்துச்சு. உங்கப்பா அந்தச் சுவத்துக்குப் பக்கத்துல போய் நின்னு சிரிச்சாரு பாரு, அப்படி அவர் சிரிச்சு ரொம்ப நாளாச்சு. நானும் சேர்ந்து சிரிச்சேன். இப்ப நினைச்சா அதுக்கும் சேர்த்துப் பத்திக்கிட்டு வருது.

ரெண்டு வாரம் போச்சு. மினி பஸ் ஓட்டுறவர் ஒருத்தர், சீட்டுக்கு உறை தைக்க என்கிட்டத்தான் வருவாரு, அவர் ஒரு நாள் கடை வாசல்ல நின்னு சத்தம் போட்டாரு. நேத்து இருட்டுற நேரத்துல வளைவுல உங்க வீட்டுக்காரர் எதிர்ல வந்தாரு, அணைங்க அணைங்கன்னு நாலு தடவை லைட் போட்டுக் காட்டினேன், அணைக்கவே இல்ல, எனக்குக் கண்ணு கட்டிப் போச்சு, உள்ள பதினெட்டு பேர் உட்கார்ந்திருந்தாங்க, ஏதாவது ஆகியிருந்தா யார் பதில் சொல்றதுன்னு கேட்டாரு. நியாயமான கேள்வி. நான் என்ன சொன்னேன் தெரியுமா? உங்களுக்குக் கண்ணு சரியில்லன்னா டாக்டரைப் போய்ப் பாருங்க, என் வீட்டுக்காரர் ஓட்டுறதைக் குறை சொல்லாதீங்கன்னேன். அக்கம்பக்கத்துக் கடைக்காரங்க எல்லாரும் கேட்டுக்கிட்டிருக்க, அவ்வளவு சத்தமா சொன்னேன். அந்த மனுஷன் என்னை ஒரு பார்வை பார்த்துட்டுப் போயிட்டாரு. நீங்க ரெண்டு பேரும் மறைச்சதுல என்னை அந்த இடத்துல கொண்டு போய் நிறுத்தினீங்க.

இப்ப நடந்ததைச் சொல்றேன், கவனமா கேளு. போன மாசம் ரெண்டு தார்ப்பாயை ஒரு சிமெண்ட் குடோன்ல கொடுத்து அளவு பார்த்துட்டு வர, நானும் உங்கப்பாகூட லாரியில போயிருந்தேன். திரும்பும்போது பொழுது சாஞ்சிடுச்சு, லேசான தூறல் வேற. லைட் பாரைப் போட்டாரு, பாதி பல்ப் எரியல, கண்ணாடிக்குள்ள தண்ணி கோத்திருந்துச்சு. ரோட்டுல ஒரு பள்ளம், வண்டி தூக்கிப் போட்டுச்சு, டமார்னு மேல ஒரு சத்தம். ஒரு பக்கப் பிராக்கெட் முறிஞ்சு அந்தச் சட்டம் அப்படியே முன் கண்ணாடி மேல சரிஞ்சு, மத்தப் பக்கத்துல தொங்கி, பெண்டுலம் மாதிரி ஆடுது. ரெண்டு தடவை மினுக்கிட்டு அணைஞ்சு போச்சு. சரி, ஓரம் கட்டுங்க, கழட்டி உள்ள போட்டுக்கலாம்னு நான் சொன்னேன். உங்கப்பா பிரேக் போட்டு நடு ரோட்டுலயே நிறுத்திட்டாரு. பின்னாடி ஒரு பஸ்காரன் ஹாரனை அமுக்கினவன் கையை எடுக்கவே இல்ல. ஏங்க, ஓரமா விடுங்கன்னு கத்துறேன். அவர் ஸ்டியரிங்கை ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, என் பக்கம் திரும்பாமலே, ஓரம் எங்க இருக்குன்னு கேட்டாரு.

ஹெட்லைட் ரெண்டும் நல்லா எரிஞ்சுக்கிட்டிருந்துச்சுடா. ரோட்டோர வெள்ளைக் கோடு எனக்குத் தெரியுது. கோட்டைத் தாண்டி ஜல்லி கிடக்கிறது கூடத் தெரியுது. அவருக்குத் தெரியல. கதவைத் திறந்து இறங்கினேன். கையில தார்ப்பாய் அளவு பார்க்க வச்சிருந்த வெள்ளைத் துணி ஒண்ணு இருந்துச்சு, அதையும் போன் லைட்டையும் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு லாரிக்கு முன்னாடி நடந்தேன். இந்தப் பக்கம், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு கத்திக்கிட்டே நடக்கிறேன், என் முதுகுக்குப் பின்னாடி பத்து டன் வண்டி உறுமிக்கிட்டு வருது, அதை ஓட்டுறவருக்கு நான் ஒரு வெள்ளைப் புள்ளியாத்தான் தெரியுறேன்னு எனக்குத் தெரியும். தாண்டிப் போன ஒவ்வொரு வண்டிக்காரனும் திட்டிட்டுப் போனான். ஜல்லியில கொண்டு வந்து நிறுத்தினதும் கேபின்ல ஏறி முதல்ல சாவியை உருவி என் பையில போட்டுக்கிட்டேன். எத்தனை நாளா இப்படின்னு கேட்டேன். ஒரு வருஷம் இருக்கும், எதிர்ல லைட் வந்தா எல்லாம் வெள்ளையா கரைஞ்சு போயிடுதுன்னாரு. இதை யார்கிட்டயும் சொல்லலையான்னு கேட்டேன். பையனுக்குத் தெரியும்னாரு. அந்த ஒரு வார்த்தையில என் கோபம் அவரை விட்டு உன்கிட்ட வந்துடுச்சு. ஃபியூஸுக்குப் போன் பண்ணினேன், அவர் வந்துதான் வண்டியை ஓட்டிக்கிட்டு வந்தாரு.

மறுநாள் காலையில கண் ஆஸ்பத்திரி. ரெண்டு கண்ணுலயும் புரை, நல்லா முத்திப் போயிருக்கு. டாக்டரம்மா உங்கப்பா வயசையும் பார்க்காம திட்டினாங்க. புரை விழுந்த கண்ணுல வெளிச்சம் சிதறும், நீங்க அதிகமா லைட் போடப் போட, தூறல்ல பட்டுத் திரும்பி உங்க கண்ணைத்தான் மறைக்கும், இது கூடத் தெரியாம லைட் வாங்கிக் கொடுத்த புத்திசாலி யாருன்னு கேட்டாங்க. நான் உன் பேரைச் சொல்லல. சொல்லியிருக்கணும். உள்ள டெஸ்ட்டுக்குக் கூட்டிட்டுப் போகும்போது அவர் போனை என்கிட்ட கொடுத்துட்டுப் போனாரு, நான் அந்த நீல நாற்காலியில உட்கார்ந்து எட்டு மாசமா நீங்க ரெண்டு பேரும் எழுதிக்கிட்டதை எல்லாம் படிச்சேன். புரையாத்தான் இருக்கும், ஆபரேஷன்னா ஒரு மாசம் வண்டி நிக்கும்பா, அதுவரைக்கும் ஒரு நல்ல லைட் போட்டுச் சமாளிங்கன்னு எழுதியிருக்க. அம்மாகிட்ட இப்போதைக்குச் சொல்லாதீங்க, பயந்துடுவாங்கன்னு எழுதியிருக்க. நான் பயந்திருந்தா ஒரு வாரத்துல எல்லாம் முடிஞ்சிருக்கும். நான் பயப்படாம இருந்ததாலதான் எட்டு மாசம் அந்த மனுஷன் கண்ணு தெரியாம ரோட்டுல போய் வந்துக்கிட்டிருந்தாரு. பதினெட்டு பேர் இருந்த பஸ்ஸுக்கு எதிர்ல போயிருக்காரு. நீ கெட்டது நினைச்சு செய்யலன்னு எனக்குத் தெரியும். அதனாலதான் இன்னும் ஆத்திரமா வருது, கெட்டது நினைச்சிருந்தா நல்லா நாலு வார்த்தை திட்டிட்டு விட்டுடுவேன்.

வலது கண்ணு ஆபரேஷன் போன வியாழக்கிழமை முடிஞ்சுது. அரை மணி நேரம் கூட ஆகல. இந்த அரை மணி நேரத்துக்குப் பயந்துதான் அத்தனையும். சம்மதக் கையெழுத்து யார் போடுறதுன்னு கேட்டாங்க, நானே போட்டேன், பக்கத்துல யாரும் இல்ல. அந்த லைட் பாரை ஃபியூஸ் கழட்டி எடுத்துட்டாரு, ஒயர் ஒட்டுப் போட்ட இடம் உருகிக் கறுத்திருக்குன்னு காட்டினாரு, இன்னும் ஒரு மாசம் ஓட்டியிருந்தா கேபினே பத்திக்கிட்டிருக்குமாம். கேபின் நெத்தியில போட்ட ஓட்டை நாலும் அப்படியே இருக்கு, மழை உள்ள வருது, தார்ப்பாய்த் துண்டு ஒட்டி வச்சிருக்கேன். லாரியை இப்போதைக்கு ஃபியூஸோட மச்சான் ஓட்டுறாரு, கியரைத் தேய்க்கிறாருன்னு உங்கப்பா தினமும் காதாலயே கேட்டுக் குறை சொல்றாரு. மினி பஸ்காரர்கிட்ட நான் நேர்ல போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் பெரிய மனுஷன், கண்ணுக்கு ஆச்சா, எப்படி இருக்காருன்னுதான் முதல்ல கேட்டாரு. நீயும் அவருக்குப் போன் பண்ணிப் பேசணும், நம்பரைப் பின்பக்கத்துல எழுதியிருக்கேன்.

அடுத்த மாசம் இருபதாம் தேதி இடது கண்ணு. லீவு கிடைக்காது, டிக்கெட் கிடைக்காதுன்னு எழுதாத, இப்பவே கேளு, கேட்டா கிடைக்கும். இந்தத் தடவை கையெழுத்து நீ வந்து போடு. நான் அந்த நாற்காலியில சும்மா உட்கார்ந்திருக்கேன். வரும்போது ஒண்ணும் வாங்கிக்கிட்டு வராத, முக்கியமா வண்டிக்கு எதுவும் வாங்கிக்கிட்டு வராத. போன வாரம் போன்ல உன் குரல் அடைச்சிருந்துச்சு, கேட்டதுக்குத் தூசின்னு சொன்ன, அது தூசிதானான்னும் வந்து என் முகத்தைப் பார்த்துச் சொல்லு. நல்லா இரு, உடம்பைப் பார்த்துக்கோ, உனக்கு ஒரு குறையும் வராது.

இதை எழுதி முடிச்சு மேசை மேல வச்சுட்டு தண்ணி குடிக்கப் போனேன். திரும்பி வந்தா உங்கப்பா இடது கண்ணைக் கையால மூடிக்கிட்டு, வலது கண்ணால முதல் பக்கத்துல இருந்து படிச்சுக்கிட்டிருக்காரு. திட்டுவாருன்னு நினைச்சேன். மூணாவது பக்கத்துல ஒரு இடத்துல விரலை வச்சு, இங்க ஒரு புள்ளி விட்டுட்டன்னு சொன்னாரு. பார்த்தேன், விட்டுத்தான் இருக்கேன். உள்ள போய் நின்னு அழுதுட்டு வந்து அந்தப் புள்ளியை வச்சேன்.

இப்படிக்கு,
கோபம் இன்னும் ஆறாத
உன் அம்மா