வியாழக்கிழமைத் தண்ணீர்

வெள்ளி, இஷாத் தொழுகைக்குப் பிறகு.

பின்னேரம் பத்துத் தடவை சாவியைத் திருப்பிய பிறகே கார் கிளம்பியது. நடுங்கி நடுங்கிக் கராஜ் போய்ச் சேர்ந்தது. காரை வாங்க நாளை நற்பிட்டிமுனையிலிருந்து ஒருவர் வருகிறார். கட்டாரிலிருந்து என் கணவர் செய்த ஏற்பாடு. "உன்னால அதப் பாக்க ஏலா, வித்துப் போடுவம்" என்றார்.

மஃரிப் தொழுதுவிட்டு வந்த மெக்கானிக் ஹனீபா காக்கா விளக்கை அணைத்து, பொனட்டைத் திறந்து, எஞ்சினை ஓடவிடச் சொன்னார். இருட்டில் பிளக் வயர்களின் மேல் நீல நூல்கள் ஓடின. சில இரவுகளில் அலை உடையும்போது கடல் மினுங்குமே, அப்படி. பழுதைப் பார்க்கிறேன் என்பதையே மறந்து நின்றேன்.

"வயரெல்லாம் வெடிச்சிருக்கு டீச்சர். ஈரம் ஏறினா கரண்ட் வெளியால பாயும். இதுக்குள்ள எப்பிடித் தண்ணி?"

கடலுப்புப் போகட்டும் என்று வியாழன்தோறும் எஞ்சினுக்கும் குழாய் பிடிப்பதைச் சொன்னேன்.

"வெள்ளி ஜும்ஆத் தொழுகைக்கு காருக்கும் கைகால் கழுவி வுழூ எடுத்துக் குடுத்தீங்களா?"

சிரித்தேன். உள்ளே சுருக்கென்றது. இத்தனை மாதம் அதை நோயாளியாக்கியது என் கைதான்.

புது வயர் போட்டதும் ஒரே திருப்பில் கிளம்பியது. நேரே வீட்டுக்கு வரவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டுக் கடற்கரை வீதியில் மெதுவாக ஓட்டினேன். எஞ்சின் சத்தத்தை மீறி அலைச்சத்தம் கேட்டது.

பிறகு கணவருக்குப் போன் கோல் எடுத்தேன்.

"கார் வாங்க வாறவர வரவேணாமெண்டு சொல்லுங்க."

"ஏன்?"

"நான் பாத்துக்குவன்."

"ஓம், சொல்றன்" என்றார். 

சாவி தலையணைக்கடியில் இருக்கிறது. கண்ணை மூடினால் நீல நூல்கள்.