மன்னிப்பு அட்டையின் அடியில் இருந்த தள்ளுபடி

பாவ்நகர்,
சம்வத்சரி நாள், பகல் ஒரு மணி

அன்பு மகன் பார்திவுக்கு அம்மாவின் ஆசிகள். ஜெய் ஸ்ரீ கிருஷ்ணா. இங்கே எல்லோரும் உடம்பால் சுகம், மனத்தால் இல்லை. மஸ்கட்டில் நீயும் சுகம்தான் என்று தெரிகிறது, எங்கள் அழைப்பை எடுக்காவிட்டாலும் காலையிலிருந்து போனும் கையுமாகத்தான் இருக்கிறாயாம். நான் சொல்லச் சொல்ல உன் தங்கை ஹேதல் எழுதுகிறாள், முடித்ததும் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள், கடைசி வரி வரை படி.

நம் கடைப் பெயரில் நீ செய்து கொடுத்த வாழ்த்து அட்டையை அவள் காலை ஏழு மணிக்குப் போனில் புதுக் குடியிருப்பின் நாற்பது ஜைன வீடுகளுக்கும் அனுப்பினாள். கூப்பிய கைகள், ‘மிச்சாமி துக்கடம், தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழையைப் பொறுத்தருளுங்கள்’ என்ற எழுத்து, எல்லாம் அழகு. அதன் அடியில், ஜன்மாஷ்டமி அட்டைக்கு நீ போட்ட பட்டை அப்படியே இருந்தது: ‘ஆலு சேவ், பத்து சதவீதம் தள்ளுபடி, இன்று மட்டும்’. எட்டு நாளாக வெந்நீரில் விரதம் இருப்பவர்களிடம், அவர்கள் தொடாத உருளைக்கிழங்கை, மன்னிப்புக் கேட்கும் இந்தச் சம்வத்சரி நாளில் விற்றிருக்கிறோம்.

எட்டு மணிக்கு ரசிக்பாய் வோரா நம் பலகாரக் கடை வாசலில் வந்து நின்றார், மகள் கல்யாணப் பலகாரம் செய்யும் வேலையை நம்மிடம் கொடுப்பதாகச் சொல்லியிருந்தாரே, அவர்தான். “என்ன தீபக்பாய், மன்னிப்பு கிலோ என்ன விலை?” என்றார். அப்பா வாய் திறப்பதற்குள், “எங்களுக்குன்னு தனி அடுப்பு, தனிச் சட்டின்னு சொன்னீங்களே, அதுவும் இந்த அட்டை மாதிரிதானா? மேல ஒண்ணு, அடியில ஒண்ணா?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அந்த அடுப்புக்காக அப்பா பட்ட பாடு உனக்குத் தெரியும். அப்போதே அதை அணைத்தவர் இன்னும் பற்றவைக்கவில்லை. வோரா வீடு நம்பாவிட்டால் அந்த நாற்பது வீட்டில் ஒன்றும் நம்பாது.

நீயோ, “டென்ஷன் ஆகாதீங்க, ஆஃபர் இல்லாம ஒரு சாரி அட்டை செஞ்சு எல்லாருக்கும் தட்டிவிடறேன்” என்று ஒரு வரி அனுப்பிவிட்டு ஒளிந்துகொண்டாய். அந்த அட்டை வேண்டாம், செய்திருந்தால் அழித்துவிடு.

நானும் ஹேதலும் பதினொரு மணிக்கு அவர்கள் வீட்டுக்குப் போனோம். ரசிக்பாய் உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. அவர் மனைவி கோகிலாபேன்தான் சுவரைப் பிடித்தபடி வந்தார், எட்டாம் நாள் விரதம், குரலே எழும்பவில்லை. யாரிடமும் நிமிர்ந்து பேசாத நம் ஹேதல், “நான்தான் அனுப்பினேன் மாசி. அடியில இருந்ததப் பாத்தேன். அண்ணன் சரியாத்தான் செஞ்சிருப்பான்னு விட்டுட்டேன்” என்றாள். இதை எழுதமாட்டேன் என்றாள், நான்தான் எழுதவைத்தேன். கோகிலாபேன் அவள் கையைப் பிடித்து, “உன்கிட்ட எனக்கு ஒண்ணும் இல்ல மகளே. உன்கிட்டயும் நான் மிச்சாமி துக்கடம் சொல்றேன். ஆனா அட்டை செஞ்சவன் எங்க? நாலு மணிக்குப் பிரதிக்ரமண வழிபாட்டுல உக்காரணும். யார் மேலயும் மனத்தாங்கலோட உக்காரக் கூடாது. அதுக்குள்ள அவன் தன் குரல்லயே மன்னிப்புக் கேட்டுட்டா நல்லது” என்றார். கதவோரம் நின்ற ரசிக்பாய் மறுத்துப் பேசவில்லை. கல்யாணத்தைப் பற்றியும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு, வெயிலில் அலையாதே. துவாரகாநாதன் உனக்கு நீண்ட ஆயுளும், செய்ததை ஒத்துக்கொள்ளும் நாக்கும் கொடுக்கட்டும். கோகிலாபேன் எண்ணை ஹேதல் கீழே எழுதியிருக்கிறாள். நாலு மணி என்பது நம் ஊர் நேரம். அவர் எடுத்ததும் உன் பெயரைச் சொல், கடைப் பெயரைச் சொல்லாதே.

உன் அம்மா,
பாவனா