சமையலறையைத் தூக்க முடியாத லேப்டாப்

செப்டம்பர் 2, செவ்வாய்

வாங்க, உட்காருங்க. நல்லா இருக்கீங்களா? வீட்டில் எல்லாரும் சௌக்கியமா? இதை யார் படிக்கப் போகிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. அனேகமாக யாரும் படிக்கப் போவதில்லை. ஆனாலும் எதிரில் ஆள் இல்லாமல் எனக்குப் பேச வராது. அதனால் நீங்கள் இருப்பதாக வைத்துக்கொள்கிறேன்.

நான் தச்சு வேலை செய்கிறவன். பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்கு ஒதுங்கியதோடு சரி. ஆணிப் பெட்டி லேபிளையும் பிளைவுட் கடை காலண்டரையும் எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படிக்கக் கற்றவன். டைரி எழுதச் சொன்னது என் மனைவி. பட்டறையின் ஓரத்து அறையில் அவள் கம்ப்யூட்டரில் சமையலறைகளை வரைகிறாள். வரைந்ததை நான் மரத்தில் செய்கிறேன். அவள் வரையும்போது நான் பின்னால் நின்று பேசிக்கொண்டே இருப்பேன். இன்றைக்குத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்: "ஏங்க, இந்த மெஷினே மூச்சு வாங்குது. நீங்க வேற காதுகிட்ட. சொல்றதையெல்லாம் ஒரு நோட்டுல எழுதி வைங்க. சாவகாசமா படிக்கிறேன்."

படிக்க மாட்டாள். எனக்குத் தெரியாதா.

எங்கேயோ போய்விட்டேன். விஷயம் இதுதான். தெருக்கோடியில் புதுக் கட்டிடம் எழும்புகிறது. அத்தனை வீட்டுச் சமையலறையும் ஒரே ஆளுக்குத்தான் தருவேன் என்கிறார் கட்டிடக்காரம்மா. நேற்றுப் பட்டறைக்கே வந்தார். மரத்தூள் படாமல் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "பேப்பர் படம் எனக்கு வேண்டாம்" என்றார். "கம்ப்யூட்டர்ல சமையலறைக்குள்ள நான் நடந்து பார்க்கணும். கேட்டவுடனே கதவு நிறம் மாறணும், சிங்க் இடம் மாறணும். அடுத்த வெள்ளிக்கிழமை சைட்டுக்கு வாங்க. மெயின் ரோட்டு கிச்சன் ஷோரூம்காரங்களும் வர்றாங்க."

எங்கள் பழைய லேப்டாப்பில் சமையலறையை லேசாகத் திருப்பினாலே வட்டம் சுற்ற ஆரம்பித்துவிடும். போன மாதம் ஒரு புருஷன் பெண்சாதி முன்னால் அப்படியே நின்றுவிட்டது. அவர் மணியைப் பார்த்தார், அந்தம்மா கூரையைப் பார்த்தார். இருவரும் எழுந்து ஷோரூமுக்குப் போய்விட்டார்கள்.

இந்த ஆர்டரும் போனால் பட்டறையை மூட வேண்டியதுதான். ஷோரூம்காரர் ஏற்கெனவே ஆள் விட்டுக் கேட்டிருக்கிறார், அவருடைய ஃபேக்டரியில் பலகை அறுக்க வருகிறாயா என்று.

கூரைத் தகடு மாற்ற வைத்திருந்த பணத்தில் லேப்டாப் வாங்குவதாக முடிவு. ஒன்றுதான் வாங்க முடியும். தப்பாக வாங்கினால் திரும்ப வாங்கப் பணம் இல்லை.

செப்டம்பர் 3, புதன்

மச்சினன் வந்தான். அவளுடைய தம்பி. வீட்டில் அவனுக்கு ஜட்ஜ் என்று பெயர். எந்தப் பொருளைப் பற்றிக் கேட்டாலும் தீர்ப்பு சொல்வான். இரண்டு வருஷமாகப் புது போன் வாங்க ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறான், கையில் இருப்பதோ கண்ணாடி உடைந்த போன்.

"பிராசஸர்தான் மாமா மூளை. அதுல கஞ்சத்தனம் பண்ணா பின்னாடி உட்கார்ந்து அழணும்" என்றான்.

"நம்பர் பெரிசா இருந்தா நல்ல பிராசஸரா மாப்ள?"

"அப்படி இல்ல மாமா. நம்பருக்குப் பின்னாடி ஒரு எழுத்து இருக்கும். அது மாறினா பலம் மாறும். போன வருஷத்துப் பெரிய நம்பரை இந்த வருஷத்துச் சின்ன நம்பர் தூக்கி அடிக்கும்."

பிளைவுட்டிலும் இப்படித்தான். பார்க்க ஒரே தடிமன், ஒரே பழுப்பு. மூலையில் இருக்கிற முத்திரையைப் பார்க்காமல் வாங்கினால் முதல் மழைக்கு உப்பிவிடும். ஒரு தடவை நான் அப்படி வாங்கிய கதையை ஆரம்பித்தேன். அதற்குள் என் மனைவி உள்ளே வந்துவிட்டாள்.

"படம் சுத்தறது பிராசஸர்ல இல்லடா. கிராபிக்ஸ் கார்டுல. அதுக்குன்னு தனி மெமரி வேணும்."

"இப்ப வர்ற பிராசஸர்லயே கிராபிக்ஸ் உள்ளயே இருக்குக்கா."

"அது தனக்குன்னு எதுவும் இல்லாம, இருக்கிற மெமரியில பங்கு கேக்கும்."

"பங்கு கேட்டா என்ன, தந்துட்டுப் போயேன்."

"நீ வாங்கப்போற போன்ல தா."

அவன் கோபித்துக்கொண்டு போய்விட்டான். எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் ஒன்று மட்டும் தெரிகிறது. இரண்டு பேரில் ஒருவர் சொல்வது தப்பு. எது தப்பு என்று தெரியும்போது பணம் கடைக்காரரிடம் இருக்கும்.

செப்டம்பர் 5, வெள்ளி

அக்காவும் தம்பியும் பேசவில்லை. "உங்க மச்சினன்கிட்ட சொல்லுங்க, நாளைக்குக் கடைக்கு வரணும்னு." "உங்க வீட்டம்மாகிட்ட சொல்லுங்க, வர்றேன்னு." இரண்டு பேரும் என்னைப் பார்த்துத்தான் சொன்னார்கள். ஒருவருக்கொருவர் நான்கு அடி தூரத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

செப்டம்பர் 6, சனி

கடைக்குப் போனோம். எங்கள் பணத்துக்கு இரண்டு லேப்டாப். ஒன்றில் புதுப் பிராசஸர், கிராபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது. மற்றதில் போன வருஷத்துப் பிராசஸர், ஆனால் தனி கிராபிக்ஸ் கார்டும் அதற்கென்றே ஆறு ஜிபி மெமரியும்.

கடைப்பெண் பொறுமைசாலி. எனக்குப் புரிகிற மாதிரி நான் கேட்டேன்: "ஏம்மா, முதல் லேப்டாப்புல வேலைக்காரர் கெட்டிக்காரர். ஆனா பட்டறை மேசை கிடையாது. சாப்பாட்டு மேசையில தட்டை ஒதுக்கிட்டு மரம் இழைக்கிறார். ரெண்டாவதுல வேலைக்காரர் சுமார், மேசை அவரோடது. சரியா?"

"ரொம்பச் சரிண்ணே. உங்க படம் எவ்வளவு பெரிசுங்கறதைப் பொறுத்து எந்த மேசைன்னு சொல்லலாம்."

ஜட்ஜ் என்னைப் பார்த்து, "மாமா, மேசை கதையெல்லாம் கேட்டு ஏமாறாதீங்க" என்றான்.

அந்தக் கட்டிடத்துக்காக வரைந்த சமையலறைப் படத்தை என் மனைவி பென்டிரைவில் கொண்டு வந்திருந்தாள். முதல் லேப்டாப்பில் போட்டாள். திருப்பியதும் விக்கி விக்கி நகர்ந்தது, பிறகு நின்றது. ஜட்ஜ் கழுத்தைச் சொறிந்தான். அவள் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு. இரண்டாவதில் போட்டாள். படம் வந்தது. பாதிச் சுவர் வந்தது. அப்புறம் திரை கறுத்து, கிராபிக்ஸ் மெமரி போதவில்லை என்று ஒரு வரி வந்தது.

சிரிப்பு போய்விட்டது.

மூன்றாவதாக ஒன்றைக் கடைப்பெண் காட்டினாள். பன்னிரண்டு ஜிபி. அதில் தண்ணீர் மாதிரி ஓடியது. விலையைக் கேட்டதும் நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் வேறு வேறு பக்கம் பார்த்தோம்.

"ஒரு நிமிஷம் இருங்க" என்றாள் கடைப்பெண். "ஒரே ஒரு சமையலறைக்கு ஆறு ஜிபி பத்தாதுன்னா, உள்ள அப்படி என்னதான் வெச்சிருக்கீங்க?" மூடியிருந்த ஒரு இழுப்பறையைப் பெரிதாக்கி உள்ளே போனாள். அங்கே ஸ்குரூ இருந்தது. ஒவ்வொரு ஸ்குரூவுக்கும் மரை இருந்தது. மரையின் ஒவ்வொரு சுற்றும் தனித்தனியாக. அடுத்த இழுப்பறையிலும் அப்படியே. அத்தனை அலமாரியிலும் அப்படியே. யாரும் பார்க்கவே முடியாத முதுகுப் பலகைக்குக்கூட முழு அளவு மர ரேகை போட்டோ.

"இதையெல்லாம் யாரு வரையச் சொன்னது அக்கா?" என்றாள்.

என் மனைவி என்னைப் பார்த்தாள். ஜட்ஜ் என்னைப் பார்த்தான். அந்தப் பெண்ணும் என்னைப் பார்த்தாள்.

வரையச் சொன்னது நான்தான். பின்னால் நின்று கேட்டுக்கொண்டே இருந்தேன். ஸ்குரூ எங்கே, இது எதில் நிற்கிறது, இரண்டு பலகைக்கு ஒரே ரேகை எப்படி வரும் என்று. அவளும் போட்டுக்கொண்டே வந்திருக்கிறாள். சரி, பழைய லேப்டாப்புக்கு மூச்சு வாங்கியது எதனால்? போன மாதம் அந்தப் புருஷன் பெண்சாதி எழுந்து போனது எதனால்?

எதுவும் வாங்காமல் வந்துவிட்டோம்.

செப்டம்பர் 7, ஞாயிறு

சண்டை.

அவள் ஸ்குரூவை எல்லாம் எடுத்துவிட வேண்டும் என்றாள். நான் மாட்டேன் என்றேன். ஸ்குரூ இல்லாத அலமாரியைக் காட்டி ஒருத்தரிடம் வேலை கேட்பதா? அது பொய் இல்லையா?

"அது அலமாரி இல்லங்க, படம். படத்துல யாரும் தட்டு அடுக்கப் போறதில்ல."

"அப்ப இவ்வளவு நாள் ஏன் வரைஞ்ச?"

"நீங்க நின்னுக்கிட்டே இருந்தீங்க. வரைஞ்சாதான் நகருவீங்க."

நான் எழுந்து பட்டறைப் பக்கம் வந்துட்டேன். இத்தனை வருஷம் நான் சொல்றதுல விஷயம் இருக்குன்னு கேக்கறாளேன்னு நெனச்சிருந்தேன். இல்ல. என்னை நகர்த்தறதுக்குத்தான் அத்தனை ஸ்குரூவும். நாள் பூரா உட்கார்ந்து மரை மரையா சுத்தியிருக்கா. சொல்லியிருக்கலாமில்ல? சொன்னா நான் கேட்டிருப்பேனா?

கேட்டிருக்க மாட்டேன்.

செப்டம்பர் 8, திங்கள்

எடுக்கச் சம்மதித்துவிட்டேன். வாயால் சொல்ல வரவில்லை. ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். ஸ்குரூக்களை அழிக்க ஆரம்பித்தாள்.

முதுகுப் பலகை ரேகை போனது, உள்பக்க ரேகை போனது. அலமாரியின் வெளிக் கதவுக்கு வந்தபோது மட்டும், "இதை விட்டுடும்மா, ஒரே ரேகை வரிசையா வந்தா பிளாஸ்டிக் மாதிரி இருக்கும்" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, போட்டோவை மட்டும் சின்னதாக்கிக்கறேன்" என்றாள். முழுப் படத்தையும் வேறு பெயரில் தனியாக வைத்துக்கொண்டாள். அது பட்டறைக்கு, நான் பார்த்துச் செய்ய. இது காட்டுவதற்கு.

மத்தியானம் கடைக்குப் போய் இரண்டாவது லேப்டாப்பில் போட்டுப் பார்த்தோம். ஆறு ஜிபி போதும், மிச்சமே இருக்கிறது என்றாள் கடைப்பெண். என் மனைவி சிங்க்கைத் தூக்கி எதிர்ச் சுவரில் வைத்தாள், உடனே நகர்ந்தது. கதவு நிறம் மாறியது. நாங்கள் வாங்கிவிட்டோம்.

ஜட்ஜ் அக்காவிடம் நேராகவே பேசினான்: "பிராசஸர் கொஞ்சம் பழசுதான். பரவால்ல." தீர்ப்பு முடிந்தது.

செப்டம்பர் 10, புதன்

வீட்டில் நன்றாக ஓடுகிறது. ஆனால் ஓடும்போது உள்ளே விசிறி இரைகிறது. இரைச்சல் கேட்டால் எனக்குப் பயம், நின்றால் அதைவிடப் பயம்.

செப்டம்பர் 11, வியாழன்

விசிறிச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

ஷோரூம்காரர்கள் எங்களுக்கு முன்னாலேயே காட்டிவிட்டு இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். இரண்டு பேர், ஒரே நிறச் சட்டை. என்னைப் பார்த்து ஒருவர் தலையசைத்தார், ஏதோ ஏற்கெனவே அவருடைய ஃபேக்டரி ஆள் மாதிரி.

மூன்றாவது மாடியில் காட்ட வேண்டும் என்றார் கட்டிடக்காரம்மா. சன்னல் இன்னும் வைக்கவில்லை, சிமென்ட் தூசி பறக்கிறது. கவிழ்த்த டிரம் மேல் லேப்டாப்பை வைத்து என் மனைவி படத்தைத் திறந்தாள். திருப்பினாள்.

விக்கியது.

மறுபடி திருப்பினாள். பழைய லேப்டாப் மாதிரியே விக்கியது. வீட்டில் சரியாக இருந்ததே, கடையில் சரியாக இருந்ததே.

"இதுக்குத்தான் புதுசு வாங்கினீங்களா?" என்றார் அந்தம்மா.

என் மனைவி திரையின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் நிமிர்ந்து சொன்னாள்: "பேட்டரியில ஓடுதுங்க. பேட்டரியில கிராபிக்ஸ் கார்டு பாதி பலம்தான் காட்டும்போல. நாங்க எப்பவும் கரன்ட்ல போட்டே பார்த்தோம், எனக்கே இங்க வந்துதான் தெரியுது. கீழ சைட் ரூம்ல பிளக் இருக்கு. இறங்கி வர்றீங்களா?"

"எனக்கு முட்டி வலி. இப்பதான் ஏறினேன்."

"தெரியுதுங்க. இங்க காட்டினா அரைகுறையாத்தான் தெரியும். அதை வெச்சு நீங்க முடிவு பண்ண வேணாம்னு பார்க்கறேன்."

அந்தம்மா போனை எடுத்துப் பார்த்தார். யாருக்கும் அழைக்கவில்லை, சும்மா பார்த்தார். அந்த நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது, ஆனால் அதில் என் பட்டறை முழுக்க நின்றது. பிறகு கைப்பிடி இல்லாத படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்க ஆரம்பித்தார், ஒவ்வொரு படிக்கும் ஒரு முனகலோடு.

கீழே பிளக்கில் செருகினதும் ஓடியது. சிங்க் நகர்ந்தது, நிறம் மாறியது. அந்தம்மா மவுஸைத் தன் கையில் வாங்கிக்கொண்டு உள்ளே நடந்தார். "கதவைத் திறந்து காட்டுங்க" என்றார். எந்தக் கதவு என்று அவள் கேட்டாள். சமையலறைக் கதவுதான் என்றார். திறந்தாள். கட்டிடத்துப் பிளானில் இருந்தபடியே அவள் வரைந்திருந்த கதவு போய் ஃபிரிட்ஜில் இடித்தது. பாதிதான் திறந்தது.

போச்சு என்று நினைத்தேன்.

அந்தம்மா இஞ்சினியரைக் கூப்பிட்டார். "இந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்குது?"

அவர் பிளானை விரித்தார். "இதே பக்கம்தான் மேடம்."

"எல்லா வீட்டுலயுமா?"

அவர் பிளானைத் திரும்பவும் மடித்து, திரும்பவும் விரித்தார். "எல்லாத்துலயும்தான் மேடம்."

"கதவு நிலை வெச்சாச்சா?"

"இன்னும் இல்ல மேடம். திங்கக்கிழமை."

"வைக்காதீங்க."

அவ்வளவுதான். எங்களைப் பார்த்து, "சரி, சொல்லி அனுப்பறேன்" என்றார். எல்லாரிடமும் சொல்வதும் அதுதானே.

செப்டம்பர் 15, திங்கள்

ஒரு செய்தியும் இல்லை. கட்டிடத்து முன்னால் ஷோரூம் வண்டி நிற்கிறது.

செப்டம்பர் 19, வெள்ளி

இன்றும் நின்றது. என் மனைவி கேட்டாள், "அந்தப் பக்கமா எதுக்குப் போனீங்க?" ஆணி வாங்க என்றேன். ஆணிக்கடை எதிர்ப் பக்கம்.

செப்டம்பர் 24, புதன்

இஞ்சினியர் போன் செய்தார். கதவு இடப்பக்கம் திறந்தால் ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் எவ்வளவு இடைவெளி வரும் என்று கேட்டார். அவள் படத்தில் அளந்து சொன்னாள். நன்றி சொல்லி வைத்துவிட்டார். வேறு ஒரு வார்த்தை இல்லை. எங்களிடம் அளவு கேட்டு ஷோரூம்காரருக்குத் தரப் போகிறாரா? அவள் லேப்டாப்பை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் அதன் மேல் கை வைத்துக்கொண்டு இருந்தாள்.

அக்டோபர் 13, திங்கள்

எழுத நேரமே இல்லை. உங்களை வந்து விசாரிக்கக்கூட முடியவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒரு ரம்பம் போதவில்லை, இரண்டாவது வாங்க வேண்டும். ஜட்ஜ் நேற்றே இரண்டு ரம்பத்தை ஒப்பிட்டுக்கொண்டு வந்துவிட்டான். "மோட்டார்தான் மாமா முக்கியம்" என்கிறான். என் மனைவி உள்ளிருந்து, "பலகை வைக்கிற மேடை எவ்வளவு அகலம்னு கேளுங்க" என்றாள். இரண்டு பேரும் திரும்ப என் வழியாகப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். இதில் நான் ஒரு கதை சொல்ல வேண்டும், ஒரு காலத்தில் எனக்குத் தெரிந்த மர அறுப்புக்காரர் ஒருத்தர் இருந்தார், அவர் ரம்பம் வாங்கப் போனால் முதலில் — பாருங்கள், வாசலில் லாரிக்காரர் கூப்பிடுகிறார். "அண்ணே, பிளைவுட் அத்தனையும் இங்கயே இறக்கிடவா, பாதியை அந்தத் தெருக்கோடிக் கட்டிடத்துல போடவா?" வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். இங்கே அவ்வளவுக்கு இடம் இல்லை, முதல் இரண்டு மாடிச் சமையலறைகளுக்கு மட்டும் இங்கே இறக்கிவிட்டு மீதியை —