எழுபத்தொன்றாம் நாள்

கோபமெல்லாம் இல்லை அக்கா. ஒன்பது நாளாக உன் போனை எடுக்காததற்குக் காரணம், சொல்ல நல்ல சேதி இல்லாததுதான். "இன்னும் ஒரு வருஷம் அவ படிக்கட்டும்ப்பா, நான் பொறுப்பு" என்று அப்பாவிடம் நீ வாங்கித் தந்த வருஷம் இந்த மாதத்தோடு முடிகிறது.

தொலைவில் ஒரு நட்சத்திரம் வெடித்தது. அதன் ஒளி, வழியில் இருக்கும் பெரிய விண்மீன் திரளின் ஈர்ப்பில் வளைந்து, இரண்டு பக்கமாகவும் நம்மிடம் வருகிறது. ஒரு பக்கத்து வழி நீளம்; அதனால் ஒரே வெடிப்பு, நாள் தள்ளி, இரண்டு முறை தெரியும். தொலைநோக்கிப் படத்தில் வெடிப்பின் முதல் புள்ளி தெரிந்து அறுபத்திரண்டாம் நாள் அடுத்தது தெரியும் என்று கணக்குப் போட்டு, ஆய்வறைப் பலகையில் பெரிதாக எழுதினேன்.

வரவில்லை.

"என்னடி, உன் நட்சத்திரம் பஸ்ஸ விட்டுடுச்சா?" என்றாள் பக்கத்து மேஜைக்காரி. சிரித்துவிட்டு, கழிப்பறைக்குப் போய் அழுதேன்.

பிறகுதான் பழைய படத்தைத் திறந்தேன். கேமராத் தூசி என்று ஆரம்பத்திலேயே நான் நீக்கிய மங்கல், தூசியே இல்லை. இன்னொரு சின்ன விண்மீன் திரள். அதுவும் தன் பங்குக்கு ஒளியை இழுத்திருக்கிறது. "நீ வீடு கூட்டினா குப்பையோட என் கம்மலும் போயிடும்" என்பாயே, அதேதான். அதையும் சேர்த்தால் எழுபத்தொரு நாள்.

இன்று எழுபத்தொன்று. காலையில் வந்த படத்தில் இரண்டாவது புள்ளி இருக்கிறது.

போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். அப்பாவிடம் நீயே சொல்.

உன் தங்கை

பி.கு.: கையெழுத்துப் போட்டபின் எழுந்துபோய், பலகையில் 62ஐ அழித்துவிட்டு 71 என்று எழுதினேன்.