அங்கியைக் கழற்றிய என் அப்பாவுக்கு

என் அன்பான அப்பா,

அம்மா நித்திரை. சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு எழுதுகிறேன். இத்தாலியின் இந்தப் பலேர்மோவில் உங்கள் பெயரை நாங்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை.

இன்று பின்னேரம் ஒரு பிழை விட்டுவிட்டேன். மன்னாரிலிருந்து இங்கே வந்த ரீத்தா அன்ரி வீட்டில் செபமாலை. இங்கே நம் புரட்டஸ்தாந்துச் சபை தமிழில் இல்லை. அதனால் அம்மாவும் நானும் கத்தோலிக்கர் போலவே அவர்களோடு போய்வருகிறோம். கர்த்தர் கற்பித்த செபத்தை எல்லோரும் ஆமென் சொல்லி நிறுத்தினார்கள். நான் நிறுத்தவில்லை. நம் சபையில் கடைசியாகச் சேர்த்துச் சொல்லும் வரியும் என் வாயில் வந்துவிட்டது. அறை முழுக்க என் குரல் மட்டும்.

“பெட்டை எங்கடை செபத்துக்கு வால் வைச்சிட்டாள்!” என்றார் அன்ரி. எல்லோரும் சிரித்தார்கள், ராசன் மாமாவைத் தவிர. அவர் துறைமுகத்தில் வேலை செய்கிறார். துரோகி என்ற சொல்லை இந்த ஊரில் முதன்முதலாக அவர் வாயில்தான் கேட்டேன்.

நான் சப்பாத்துப் போடும்போது பக்கத்தில் வந்து நின்றார்.

“பிள்ளை, யாழ்ப்பாணத்திலை ஒரு போதகர் அரசியலுக்கு வந்தவர். கேள்விப்பட்டனியோ?”

“இல்லை மாமா.”

“அவருக்கும் ஒரு பெட்டை இருந்ததாம். உன்ரை வயசுதான் வரும்.” கதவைத் திறந்து பிடித்தபடி, “நாளைக்கு வீட்டை வாறன். அம்மாட்டைச் சொல்லு” என்றார்.

சொன்னேன். அம்மா சோற்றுக் கரண்டியோடு அப்படியே நின்றார். “அந்த மனுசன் போதகர் அங்கியோடையே இருந்திருக்கலாம்” என்று உங்களைச் சொன்னார். பிறகு என் தோளைப் பிடித்து, “அப்பா வாத்தியார். காய்ச்சலிலை செத்தவர். திருப்பிச் சொல்லு” என்றார். இந்த ஊரை விட்டு வடக்கே ஜெனோவாவுக்குப் போகும் கப்பலைப் பற்றி யாரிடம் விசாரிக்கலாம் என்றும் கேட்டார். எனக்கு யாரைத் தெரியும்?

ஏன் கழற்றினீர்கள், அப்பா? அடக்க ஆராதனையைத் தவிர வேறு ஆராதனையே இல்லாத மாதம் ஒன்று இருந்தது, ஞாபகமா? “பெடியளைப் புதைச்சுப் புதைச்சுக் களைச்சுப்போனன்” என்றீர்கள். நாடு இரண்டாகாமல், சம உரிமையோடு எல்லோரும் ஒன்றாக இருக்கலாம் என்று பிரசங்க பீடத்தில் சொன்னீர்கள். அடுத்த ஞாயிறு, திருவிருந்துக்குப் பாதிப்பேர் எழுந்து வரவில்லை. நீங்கள் அங்கியை மடித்து அம்மாவிடம் கொடுத்துவிட்டுத் தேர்தலில் நின்றீர்கள். வென்றீர்கள். வாசலில் காவலுக்குப் பொலிஸ்காரர் வந்தார்கள். மதிலில் உங்கள் பெயரோடு துரோகி என்ற அந்தச் சொல்லும் வந்தது. பொலிஸ் நின்ற அதே வாசலில்தான் தனிநாடு கேட்ட இயக்கத்தார் உங்களைச் சுட்டார்கள்.

நீங்கள் சொன்னது சரியா அப்பா? சரியென்றால் ஏன் நாங்கள் ஒளிந்திருக்கிறோம்? ராசன் மாமா சும்மாதான் கேட்டாரோ? படியில் காலடி கேட்டால் மூச்சை அடக்குகிறேன். மேல்வீட்டுக்காரர்தான் என்று தெரிந்த பிறகும் பூட்டை இன்னொருமுறை இழுத்துப் பார்க்கிறேன். பள்ளிக்கூடத்தில் இதை யாரிடமும் சொல்ல முடியாது. எந்த மொழியில் சொன்னாலும் அது அம்மாவைக் காட்டிக்கொடுத்துவிடும்.

நாளை அவர் வந்து கேட்டால், வாத்தியார் என்றே சொல்வேன். கோபிக்காதீர்கள். எனக்கு அம்மா வேண்டும். ஆனால் அந்தப் போதகரைத் துரோகி என்று சொல்லிவிட்டு அவர் என் முகத்தைப் பார்த்தால், நான் தலையாட்டமாட்டேன். இவ்வளவுதான் என்னால் வாக்குத் தர முடியும்.

பெயர் எழுதாமல்,
உங்கள் மகள்.