கடைவாயில் ஓர் இடைவெளி

மார்ச் 4

அன்புள்ள சின்னுவுக்கு,

நலம்தான் என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய். கீழ்வரிசைக் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கி எட்டு மாதமாகிறது. அந்தச் சந்தில் சாப்பாடு சிக்கி ஈறு வீங்குகிறது. ஒரு பக்கமாகவே மென்று தாடை வலிக்கிறது. பல் கட்டலாமா என்று கேட்டேன். "உள்ள இருக்குற பல்ல யாரு பாக்கப் போறா? வீட்டுலதானே இருக்க?" என்றார் உன் மாமா.

வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டிக்கொண்டுதான் போகிறார். பாதுகாப்புக்காம். போனும் அவர் பையில். இந்தக் கடிதத்தை எதிர்வீட்டு டெய்லரம்மாவிடம் ஜன்னல் வழியாகக் கொடுக்கிறேன். பதிலை அவர் பேருக்கே போடு. பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவள் நீ, சொல்லேன். இதை இப்படியே விட்டுவிடலாமா?

உன் அக்கா

மார்ச் 11

அக்கா,

பூட்டு விஷயத்தை இத்தனை நாள் ஏன் மறைத்தாய்? கோபமாக வருகிறது, உன் மேல் இல்லை.

விடவே கூடாது. காலியிடம் கிடந்தால் பக்கத்துப் பற்கள் அதில் சாயும். எதிரே முட்டுக்கு ஆளில்லாமல் மேல்பல் கீழே இறங்கும். எலும்பும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். ஒரு பல்தானே என்று விட்டவர்கள் பின்னால் மூன்று பல்லுக்கு வந்து உட்காருவதைத் தினம் பார்க்கிறேன். மாமாவிடம் நான் பேசட்டுமா?

சின்னு

மார்ச் 19

சின்னு,

நீ பேச வேண்டாம். பேசினால் ஜன்னலுக்கும் ஆணி அடித்துவிடுவார்.

நேற்று அவர் கிளம்பியதும் டெய்லரம்மா பூட்டுக்காரரைக் கூட்டிவந்தார். "வீட்டுக்காரர் சொல்லாம எப்படிம்மா உடைக்கிறது?" என்று பூட்டுக்காரர் தயங்கினார்.

"உள்ள நிக்கிற நான் வீட்டுக்காரி இல்லையா? உடைங்க."

இரண்டே தட்டு. இவ்வளவுதானா என்று இருந்தது.

நேரே பல் டாக்டரிடம் போனேன். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். பக்கத்துப் பல் சாயத் தொடங்கிவிட்டதாம், எலும்பு இன்னும் தாங்குமாம். "நல்ல வேளை, இப்பவே வந்தீங்க" என்று ஈறைச் சுத்தம் செய்துவிட்டார். "அடுத்த வியாழக்கிழமை வாங்க, அளவு எடுத்துடலாம்."

"வர முடியாது டாக்டர். எல்லாத்தையும் ஒரு சீட்டுல எழுதிக் குடுங்க. பல்லு கட்டுறது என் தங்கச்சி ஊருல."

டெய்லரம்மாவின் அண்ணி வீட்டில் இருந்து எழுதுகிறேன். சனிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். எத்தனை நாள் இருப்பாய் என்று மட்டும் கேட்காதே.

அக்கா