படையலில் எண்ணெய் இருந்தது குறித்து

அனுப்புநர்
மின் ஹ்யோங்-தே,
ஓய்வுபெற்ற பிழைதிருத்துநர்,
ஜொன்ஜு, தென் கொரியா.

பெறுநர்
இயக்குநர் அவர்கள்,
மருந்துச் சோதனைக் கண்காணிப்பு அலுவலகம்.

பொருள்: ஊசிக்குப் பதிலாகத் தரப்படும் ஹெப்பாரின் கொழுப்பு மாத்திரை – குறையுள்ள உணவுக் குறிப்பு – சந்திரப் புத்தாண்டுக்குள் திருத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மனைவி தோ யோன்-சிம்முக்குக் காலில் இரத்தம் உறையும் நோய். இரண்டு ஆண்டுகள் தினமும் வயிற்றில், இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி. தொப்புளைச் சுற்றி ஊதாத் தழும்பில்லாத இடமில்லை. அதே மருந்தைக் கொழுப்பில் பொதிந்து வாய்வழி தரும் சோதனையில் மகிழ்ச்சியோடு சேர்ந்தார்.

2. கொழுப்பு, இம்மருந்தைக் குடல் வழியே இரத்தத்தில் சேர்க்கிறது. சாப்பாட்டிலும் கொழுப்பிருந்தால் அளவுக்கு மேல் சேர்த்துவிடும். மருத்துவமனைக்கு இது தெரியும். நோயாளிக்குக் கிடைத்ததோ "கொழுப்பு உணவு தவிர்க்கவும்" என்ற மூன்று சொற்கள். பன்றி வயிற்றிறைச்சி கூடாது என்று ஆய்வுச் செவிலியர் விளக்கினார். யோன்-சிம் அதைத் தொடவில்லை.

3. அறுவடைத் திருநாள் காலையில், முன்னோருக்குப் படைத்த சுரைக்காய் வில்லைகளை வழக்கப்படி உண்டார். முட்டையில் தோய்த்து எண்ணெயில் சுட்டவை. நம் வீடுகளில் அது காய்கறி. தவிர, படையலை உண்பது சாப்பாட்டில் சேராது. தாங்களும் அன்று உண்டிருப்பீர்கள். மறுநாள் ஈறிலும் மூக்கிலும் இரத்தம், பிறகு வயிற்றுக்குள். ஒன்பது நாள் படுக்கையில் கிடந்தார்.

4. கொழுப்பு உண்டீர்களா என்ற கேள்விக்கு, தாம் அறிந்தவரை, இல்லை என்றார். படையலில் இருந்தவற்றை நான்தான் விவரித்தேன். உடனே "உண்மையை மறைத்தவர்" என்று எழுதி அவரை நீக்கினார்கள். "இத்தனை நாள் வயித்துல குத்துனாங்க, இப்போ நெஞ்சுல குத்துறாங்க" என்றார் யோன்-சிம். நான்கு மாதங்களில் மருத்துவமனைக்கு மூன்று கடிதம் எழுதினேன். பங்கேற்பாளர்களின் நேர்மை ஆராயப்படுவதாகப் பதில் வந்தது. குறிப்பில் ஓர் எழுத்தும் மாறவில்லை.

5. அதே தாளை வைத்துக்கொண்டு இன்னும் பதினொரு பேர் அம்மாத்திரையை விழுங்குகிறார்கள். அவர்களுள் ஓம் சாங்-கில் தம் குலத்தின் மூத்த மகன். படையலை முதலில் உண்ண வேண்டியவர். தொலைபேசியில் எச்சரித்தேன். "அண்ணி மறைச்சதாலதான் அப்படி ஆச்சுன்னு ஆஸ்பத்திரியில சொல்றாங்க, அண்ணே. நான் மறைக்கிற ஆளில்லை. எனக்கு ஒண்ணும் ஆகாது" என்றார். பொய் சொன்னால் இரத்தம் கசியும் என்ற இந்தப் புதிய மருத்துவக் கொள்கையை வகுத்த அறிஞர் யார் என்பதையும் விசாரிக்க வேண்டுகிறேன்.

6. புத்தாண்டுப் படையலுக்குப் பன்னிரண்டு நாள்களே உள்ளன. படையலின் எண்ணெய்ப் பண்டங்களும் கூடாது என்ற ஒரு வரியைச் சேர்த்து, பதினொருவர் வீட்டுக்கும் ஆளனுப்பிச் சொல்ல உத்தரவிடுங்கள். என் மனைவியின் பெயருக்கு நேர்ந்த களங்கத்தைப் பண்டிகை முடிந்த பின் நீக்கினாலும் போதும். அவர் ஊசிக்கே திரும்பிவிட்டார். இனி எதை உண்டாலும் ஆபத்தில்லை.

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
மின் ஹ்யோங்-தே (ஒப்பம்)

இடம்: ஜொன்ஜு
நாள்: 05.02.2026